ஆயிரம் லிட்டர் பிடிக்க எந்த வடிவம் சிக்கனம்?

ஜூன் 8, காலை (கேள்வி)

வீட்டு மாடியில் 1000 லிட்டர் டேங்க் ஒன்று வைக்கப் போகிறோம். கடைக்காரர் உருளை வடிவம்தான் சிக்கனம், அதனால்தான் எல்லாரும் அதையே வாங்குகிறார்கள் என்கிறார். என் தம்பியோ பெட்டி மாதிரி சதுரமாக வாங்கினால் இடம் மிச்சம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கணக்குப்படி யார் சொல்வது சரி? பத்தாம் வகுப்பில் படித்த அளவியல் சூத்திரம் ஒன்றுகூட நினைவில் இல்லை.

ஜூன் 8, இரவு

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். கடைக்காரர் பிளாஸ்டிக் எவ்வளவு செலவாகும் என்று பார்க்கிறார். உங்கள் தம்பி மாடியில் எவ்வளவு இடம் போகும் என்று பார்க்கிறார்.

1000 லிட்டர் என்பது சரியாக 1 கன மீட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றும் 1 மீட்டர் உள்ள கனச்சதுரத்தில் அது அடங்கிவிடும். அதற்கு ஆறு முகம், ஒவ்வொன்றும் 1 சதுர மீட்டர், ஆக மொத்தப் புறப்பரப்பு 6 ச.மீ.

அதே 1000 லிட்டரை உருளையில் பிடிக்கலாம். உயரமும் விட்டமும் சமமாக இருக்கும்படி வைத்தால் ஆரம் சுமார் 54 செ.மீ., உயரம் 108 செ.மீ. மூடியும் அடியும் சேர்த்துப் புறப்பரப்பு 5.54 ச.மீ. கோளமாகச் செய்தால் ஆரம் 62 செ.மீ., புறப்பரப்பு 4.84 ச.மீ.

பெட்டி 6, உருளை 5.54, கோளம் 4.84. உள்ளே இருக்கும் தண்ணீர் மூன்றிலும் ஒரே அளவு. உருளைக்குப் பெட்டியைவிட எட்டு சதவீதம் போலப் பிளாஸ்டிக் குறைவு.

இடக் கணக்கு வேறு. 108 செ.மீ. விட்டமுள்ள உருளையைச் சுவர் ஓரமாக வைத்தால் நான்கு மூலையும் வீண். அது உட்காரும் சதுரத்தில் 78.5 சதவீதத்தைத்தான் உருளை நிரப்பும். இரண்டு மூன்று டேங்க் வரிசையாக வைக்கும் வீட்டில் தம்பி சொல்வதுதான் எடுபடும்.

ஜூன் 9

உருளை என்றாலே 5.54 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உயரமும் விட்டமும் சமமாக இருந்தால்தான் அந்தக் கணக்கு. ஒல்லியாக உயர்த்தினாலும் தட்டையாக அமுக்கினாலும் பரப்பு கூடிவிடும். அரை மீட்டர் விட்டத்தில் 1000 லிட்டர் உருளை செய்தால் உயரம் 5 மீட்டரைத் தாண்டும், பரப்பும் 8 ச.மீ.க்கு மேல் போகும். பெட்டியைவிட மோசம்.

ஜூன் 9, கொஞ்ச நேரம் கழித்து

கூம்பையும் போட்டுப் பார்த்தேன். மூடிய கூம்பை எவ்வளவு சிக்கனமாகச் செய்தாலும் 6.09 ச.மீ.க்குக் கீழே இறங்காது. சாயுயரம் (நுனியிலிருந்து அடி விளிம்பு வரை சாய்வாக அளக்கும் நீளம்) ஆரத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும்போது அந்த 6.09 கிடைக்கிறது. வட்டமான அடிப்பகுதி இருந்தும் கனச்சதுரத்திடம் தோற்றுவிட்டது. கூர்மையான நுனிக்குள் இடம் மிகக் குறைவு, ஆனால் அதைச் சுற்றிலும் சுவர் வேண்டியிருக்கிறது. மூடிய அரைக்கோளம் 5.76. கூம்பு கடைசியில் வரும் என்று என் டியூஷன் பிள்ளைகளில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லாரும் பெட்டிதான் கடைசி என்றார்கள்.

ஜூன் 12

"கோளம்தான் குறைவு என்றால் ஏன் யாருமே கோள டேங்க் விற்பதில்லை?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி.

கோளம் உட்காராது, அதற்குத் தனியாக ஒரு தாங்கி செய்ய வேண்டும். மிச்சமான பிளாஸ்டிக்கின் காசு அதிலேயே போய்விடும். ஆனால் அழுத்தம் அதிகமான வாயுவைச் சேமிக்கும் இடத்தில், சுத்திகரிப்பு ஆலைகளில், பெரிய உருண்டை டேங்குகள் உண்டு. அங்கே தாங்கிக்கு ஆகும் செலவு பெரிதல்ல. சுவர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தத்தைத் தாங்குவதுதான் முக்கியம்.

உருளைக்கும் இதே பலம் கொஞ்சம் உண்டு. 1 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் சுமார் ஒரு டன் எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. தட்டையான சுவராக இருந்தால் நடுவில் புடைக்கும். வளைந்த சுவர் அந்தத் தள்ளலை இழுவிசையாகத் தன்னைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். சின்டெக்ஸ் டேங்கைச் சுற்றி வளையம் வளையமாக வரி இருக்கிறதே, அதுவும் மெல்லிய சுவருக்கு விறைப்புத் தரத்தான். ஆகவே கடைக்காரர் சொன்ன சிக்கனத்தில் எட்டு சதவீதம் ஒரு பாதிதான். பெட்டி டேங்குக்குச் சுவர் தடிமனாக வேண்டும் என்பது மறு பாதி.

ஜூன் 13

அப்படியானால் தரைக்குள் இருக்கும் சம்ப் மட்டும் ஏன் பெட்டியாக இருக்கிறது? அங்கே வெளியில் மண் முட்டுக் கொடுக்கிறது, செங்கலையும் சென்ட்ரிங் பலகையையும் நேராக வைப்பதுதான் சுலபம், மனையும் நீள்சதுரம்.

சம்ப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரம்பூரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குச் சம்ப் கட்டும்போது மேஸ்திரியிடம் அளவு கேட்டேன்.

"ஆறுக்கு அஞ்சு, ஆழம் அஞ்சும்மா."

"உள் அளவா மேஸ்திரி?"

"இல்லம்மா, வெளிச்சுவரோட சேத்து. ஆழம் மட்டும் உள்ளளவு."

இந்த ஒரு பதிலில் எவ்வளவு தண்ணீர் போகிறது பாருங்கள். 6 × 5 × 5 என்றால் 150 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக சுமார் 4,245 லிட்டர். ஆனால் நாலு பக்கமும் ஒன்பது அங்குலச் சுவர். நீளத்தில் ஒன்றரை அடி, அகலத்தில் ஒன்றரை அடி போய்விடும். மிச்சம் 4.5 × 3.5 × 5, அதாவது 78.75 கன அடி, சுமார் 2,230 லிட்டர். கிட்டத்தட்ட பாதி! சம்ப் கட்டுகிறவர்கள் எத்தனை அடி என்று கேட்பதற்கு முன் உள்ளளவா வெளியளவா என்று கேளுங்கள்.

ஜூன் 15

மறந்துபோன சூத்திரம் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாகப் போடச் சொல்கிறார்கள். போட மாட்டேன். பட்டியல்தான் இந்தப் பாடத்தைக் கெடுத்தது. உருளைக்கு மூன்று, கூம்புக்கு மூன்று, கோளத்துக்கு இரண்டு, அரைக்கோளத்துக்கு மூன்று, இடைக்கண்டத்துக்கு (நுனியை வெட்டிய கூம்பு) மூன்று, உள்ளீடற்ற உருளைக்குத் தனியாக. பிள்ளைகள் பரீட்சைக்கு முந்தின ராத்திரி இதை மந்திரம்போல உருப்போட்டு, காலையில் வளைபரப்பு எது மொத்தப் புறப்பரப்பு எது என்று குழம்பி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே மனசு பொறுக்கவில்லை.

பரப்பு வேண்டுமா, விரித்துப் பாருங்கள். உருளையின் லேபிளைக் கிழித்து விரித்தால் நீள்சதுரம். அதன் நீளம் வட்டத்தின் சுற்றளவு, அகலம் உருளையின் உயரம். இரண்டையும் பெருக்கினால் வளைபரப்பு. மேலும் கீழும் ஒவ்வொரு வட்டம் சேர்த்தால் மொத்தப் புறப்பரப்பு. மூடி இல்லையா, ஒரு வட்டத்தை விட்டுவிடுங்கள். குழாயா, இரண்டு வட்டத்தையும் விடுங்கள்.

கன அளவு வேண்டுமா, அடுக்கிப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்கும் எதற்கும், அது பெட்டியோ உருளையோ முக்கோணப் பட்டகமோ, அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கினால் போதும். ஒரு முனையில் கூராக முடிந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு.

ஜூன் 16

"மூன்றில் ஒரு பங்கு" எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடுவார்களா? கூம்பில் மணலை நிரப்பி அதே ஆரமும் உயரமும் உள்ள உருளையில் மூன்று முறை கொட்டிக் காட்டலாம், எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும், காரணம் தெரியாது.

எனக்குப் பிடித்த வழி இது. ஒரு கனச்சதுரத்தின் நடுப்புள்ளியிலிருந்து எட்டு மூலைக்கும் கோடு இழுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆறு பிரமிடுகள் வந்துவிடும், ஒவ்வொரு முகத்துக்கும் ஒன்று, ஆறும் ஒரே அளவு. ஆக ஒரு பிரமிடு கனச்சதுரத்தில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் பிரமிடின் உயரம் கனச்சதுரத்தின் உயரத்தில் பாதிதான். அடிப்பரப்பு × உயரம் என்று போட்டால் கனச்சதுரத்தில் பாதி வரும். ஆறில் ஒன்று, பாதியில் மூன்றில் ஒன்று. முடிந்தது. மற்றப் பிரமிடும் கூம்பும் இதைச் சாய்த்து, நீட்டி, தட்டு தட்டாக ஒப்பிட்டால் வந்துவிடும்.

ஒரு மாணவி பழைய காலண்டர் அட்டையை வெட்டி ஆறு பிரமிடும் செய்துகொண்டு வந்தாள். செலோடேப் போட்டு ஒட்டி, விரித்தால் பூ மாதிரி திறக்கும், மூடினால் பெட்டி. அதைக் கையில் வாங்கித் திறந்து மூடிப் பார்த்த பிறகு வகுப்பில் யாரும் அந்த மூன்றில் ஒன்றை மறக்கவில்லை.

ஜூன் 16, இரவு

அதே வெட்டு கோளத்துக்கும் உதவும். நடுப்புள்ளியிலிருந்து மேற்பரப்பு வரை மெல்லிய மெல்லிய பிரமிடுகளாகக் கோளத்தைப் பிரியுங்கள். ஒவ்வொன்றின் உயரமும் ஆரம். அடிப்பரப்புகள் எல்லாம் சேர்ந்தால் கோளத்தின் மேற்பரப்பு. ஆக, கன அளவு = மேற்பரப்பு × ஆரம் ÷ 3.

மேற்பரப்பு எவ்வளவு? நடுவில் வெட்டிக் கிடைக்கும் வட்டத்தைப் போல நான்கு மடங்கு. இதற்குச் சாத்துக்குடி போதும். பழத்தைப் பாதியாக வெட்டி, வெட்டுமுகத்தைத் தாளில் வைத்து நான்கு வட்டம் வரையுங்கள். முழுப் பழத்தின் தோலையும் சின்னச் சின்னதாகக் கிள்ளி வட்டங்களுக்குள் அடுக்குங்கள். நான்கும் நிரம்பும்போது தோல் தீர்ந்துவிடும். இது நிரூபணம் ஆகாது, ஆனால் அந்த 4 மனதில் ஒட்டிக்கொள்ளும்.

ஜூன் 17

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். நம் பழைய கணக்கு நூலான கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்புக்குச் சொல்லும் வழி, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு என்பது. பை (π) என்று ஒன்றும் வேண்டாம், நூலும் அளவுகோலும் போதும். வட்டத்தை மெல்லிய முக்கோணங்களாகப் பிரித்தால் சுற்றளவு × ஆரம் ÷ 2. கோளத்தை மெல்லிய பிரமிடுகளாகப் பிரித்தால் மேற்பரப்பு × ஆரம் ÷ 3. தளத்தில் 2, கனத்தில் 3. இதைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஜூன் 21

அந்த "÷ 3" கோளத்தோடு நிற்பதில்லை. உள்ளே ஒரு பந்தைப் போட்டால் எல்லா முகத்தையும் அது தொடும்படி இருக்கும் எந்த வடிவத்துக்கும் பொருந்தும். கனச்சதுரத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 6 × 0.5 ÷ 3 = 1. உயரமும் விட்டமும் சமமான உருளைக்கும் சரியாக வரும். ஜூன் 9 குறிப்பில் வந்த சிக்கனக் கூம்புக்கும் வரும். ஒரே பந்தைச் சுற்றி இந்த மூன்றையும் கட்டினால் உருளை பந்தைப் போல ஒன்றரை மடங்கு, கனச்சதுரம் 1.91 மடங்கு, கூம்பு சரியாக இரண்டு மடங்கு. பரப்பிலும் அதே மடங்கு, கன அளவிலும் அதே மடங்கு.

அந்த ஒன்றரைதான் ஆர்க்கிமிடீஸ் தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னது. எத்தனையோ கண்டுபிடித்தவர் அவர், ஆனால் உருளைக்குள் அடங்கிய கோளத்தைத்தான் தன் அடையாளமாக நினைத்தார். கி.மு. 212இல் இறந்தார். கி.மு. 75இல் சிசிலிக்கு அதிகாரியாகப் போன ரோமானியர் சிசரோ, சிரக்யூஸ் நகரின் வாசலுக்கு வெளியே முட்புதருக்கு மேலே ஒரு தூணில் கோளமும் உருளையும் தெரிவதைக் கண்டு கல்லறையை அடையாளம் கண்டார். ஊர்க்காரர்களே அதை மறந்துவிட்டிருந்தார்கள்.

ஜூன் 22

"நம் ஊரில் யாரும் கண்டுபிடிக்கவில்லையா?" கண்டுபிடித்தார்கள், ஆனால் அவ்வளவு சுலபமாக அல்ல. கி.பி. 499இல் எழுதிய ஆரியபட்டர் பையின் மதிப்பை 3.1416 என்று அருமையாகத் தந்தவர். கோளத்தின் கன அளவுக்கு மட்டும் நடுவட்டப் பரப்பை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கச் சொன்னார். ஆரம் 1 என்றால் அது 5.57 தரும். சரியான விடை 4.19. மூன்றில் ஒரு பங்கு அதிகம். 1150இல் பாஸ்கராச்சாரியார் லீலாவதியில் சரியாகச் சொன்னார்: வட்டப் பரப்பைப் போல நான்கு மடங்கு மேற்பரப்பு, அதை விட்டத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் கன அளவு. ஆரியபட்டருக்கே வழுக்கிய இடம் இது. பத்தாம் வகுப்புப் பிள்ளை தடுமாறினால் திட்டாதீர்கள்.

ஜூன் 29

காபி டம்ளர். இடைக்கண்டத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் நம் ஊரில் கிடையாது.

எங்கள் வீட்டு டம்ளரை உள்பக்கமாக அளந்தேன். வாய் 7 செ.மீ., அடி 5 செ.மீ., உயரம் 8 செ.மீ. ஆரங்கள் 3.5, 2.5. சூத்திரத்தில் போட்டால் 228 மில்லி. இப்போது பாதி உயரம் வரை மட்டும் ஊற்றினால் எவ்வளவு? 114 என்று வாய் தன்னால் சொல்லும். உண்மையில் 95 மில்லிதான். மேல்பாதியில் 133 இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் குறைத்து ஊற்றினால் உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான் போனது போலத் தெரியும், காபியில் 16 சதவீதம் போயிருக்கும்.

ஜூன் 30

பெரிய சூத்திரம் எதற்கு, இரண்டு ஆரத்துக்கும் சராசரி எடுத்து உருளையாகப் போட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டம்ளருக்குப் போதும். சராசரி ஆரம் 3, 226 மில்லி வரும், இரண்டு மில்லிதான் குறைவு. வாய்க்கும் அடிக்கும் வித்தியாசம் பெருகப் பெருக இந்தக் குறைவும் வேகமாகப் பெருகும். அடி ஆரம் பூஜ்யமாகிவிட்டால் அது கூம்பு. அப்போது சராசரி முறை மூன்றில் ஒன்றுக்குப் பதில் நான்கில் ஒன்று தரும். பரீட்சையில் சராசரி போட்டால் மார்க் கிடைக்காது, வீட்டில் வாளியை அளக்கப் போட்டுக்கொள்ளலாம்.

ஜூலை 3

மெரினாவில் சுண்டல் வாங்கினால் தாளைச் சுருட்டிக் கூம்பாகத்தான் தருவார்கள். அரைவட்டத் தாளைச் சுருட்டினால் ஒரு அழகான கூம்பு வரும்: அரைவட்டத்தின் ஆரம்தான் சாயுயரம், அதில் பாதி கூம்பின் ஆரம். 10 செ.மீ. ஆரமுள்ள அரைவட்டம் என்றால் கூம்பின் ஆரம் 5, உயரம் 8.66, கொள்ளளவு 227 மில்லி. ஜூன் 29 குறிப்பில் வந்த டம்ளரும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பார்த்தால் நம்ப முடியாது.

கூம்பின் பாதி உயரம் வரை நிரப்பினால் உள்ளே இருப்பது பாதியல்ல, எட்டில் ஒரு பங்கு. நுனியில் கால்வாசி உயரத்தை மடித்துவிட்டாலும் 64இல் ஒரு பங்குதான் நஷ்டம். பொட்டலம் பிரியாமல் இருக்க நுனியை முறுக்கிவிடும் அண்ணன் நம்மிடமிருந்து ஒன்றும் எடுப்பதில்லை. மேலே குவித்துப் போடும் ஒரு கைப்பிடியில்தான் எல்லாம்.

ஜூலை 14

சுண்டல் சாப்பிட்ட இடத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் விவேகானந்தர் இல்லம். பெரியவர்களுக்கு அது இன்னும் ஐஸ் ஹவுஸ்தான். 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க பிரெடெரிக் டியூடரின் நிறுவனம் கட்டியது. பின்னால் 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார்.

குளிர்ப்பெட்டியே இல்லாத காலம். பாஸ்டனிலிருந்து நான்கு மாதம் கப்பலில், பூமத்திய ரேகையைக் கடந்து ஐஸ் எப்படி உருகாமல் வரும்? நம் பாடத்தில்தான் பதில் இருக்கிறது. 1833இல் இந்தியாவுக்கு டியூடர் அனுப்பிய முதல் கப்பல் 180 டன் ஐஸ் ஏற்றிக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. ஐஸ் உருகுவது மேற்பரப்பு வழியாக. உருக வேண்டிய ஐஸோ உள்ளே கன அளவில் இருக்கிறது. பக்கத்தை இரட்டித்தால் மேற்பரப்பு நான்கு மடங்கு, கன அளவு எட்டு மடங்கு. அதாவது ஒவ்வொரு டன் ஐஸுக்கும் வெளியே தெரியும் பரப்பு பாதியாகிவிடும். நூற்றெண்பது டன்னை ஒன்றாக நெருக்கி அடுக்கி, சுற்றிலும் மரத்தூள் போட்டால் வெப்பம் உள்ளே புகவே இடம் குறைவு.

ஐஸைச் சதுரப் பாளங்களாக அறுத்ததும் இதற்குத்தான். பாளத்துக்கும் பாளத்துக்கும் இடைவெளி இல்லாமல் அடுக்கினால் ஆயிரம் பாளமும் ஒரே பெரிய கட்டியாக நடந்துகொள்ளும். கோளத்துக்குப் பரப்பு குறைவுதான், ஆனால் கோளங்களை அடுக்கினால் நடுவில் காற்று ஓடும். முதல் நாள் தம்பி சொன்ன பெட்டி வாதம் இங்கே ஜெயித்துவிட்டது.

ஜூலை 15

இதற்கு நேர் எதிர் காசிமேட்டில். ஐஸ் பாரைச் சாக்குப் போட்டு முழுசாகக் கொண்டுவருவார்கள், மீனோடு போடும் நேரத்தில் பொடியாக உடைப்பார்கள். 1 மீட்டர் கட்டிக்கு 6 ச.மீ. பரப்பு. அதை 10 செ.மீ. துண்டுகளாக்கினால் 1000 துண்டு, மொத்தம் 60 ச.மீ. அதே ஐஸ், பத்து மடங்கு பரப்பு. மீனை எல்லாப் பக்கமும் தொட்டுச் சீக்கிரம் குளிர வைக்கும், சீக்கிரம் உருகியும் போகும்.

"ஓர் உலோகக் கோளத்தை உருக்கி 8 சிறு கோளங்கள் செய்தால்" என்று வினாத்தாளில் வருமே, அதுவும் இதுதான். கன அளவு மாறாது, அதனால் ஒவ்வொன்றின் ஆரமும் பாதி. மொத்தப் பரப்பு இரண்டு மடங்கு. 27 ஆக்கினால் மூன்று மடங்கு. உருக்குவது என்று வந்தாலே கன அளவைச் சமப்படுத்துங்கள், பரப்பைச் சமப்படுத்தாதீர்கள்.

ஆகஸ்ட் 2

அரைக்கோளத்தின் மேல் கூம்பு வைத்த பொம்மை, இரண்டு முனையிலும் அரைக்கோளம் உள்ள மாத்திரை. இவற்றில் ஒட்டிய வட்டத்தையும் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். கையில் பெயிண்ட் பிரஷ் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிரஷ் படும் இடம் மட்டும் கணக்கு. மாத்திரைக்குப் பிரஷ் படுவது உருளையின் வளைபரப்பும் ஒரு முழுக் கோளத்தின் பரப்பும் மட்டுமே.

ஆகஸ்ட் 20

மாமல்லபுரம் போயிருந்தபோது பிள்ளைகளிடம் அந்த வெண்ணெய் உருண்டைப் பாறையின் எடையைக் கேட்டேன். 250 டன் என்று எழுதுகிறார்கள். நாமே போட முடியுமா? உயரம் சுமார் 6 மீட்டர், அகலம் சுமார் 5 மீட்டர். கருங்கல் ஒரு கன மீட்டர் 2.65 டன் போல இருக்கும். 5 மீட்டர் விட்டமுள்ள கோளம் என்றால் 65 கன மீட்டர், 173 டன். 6 மீட்டர் என்றால் 113 கன மீட்டர், 300 டன். சொல்லப்படும் எடை இரண்டுக்கும் நடுவில் உட்காருகிறது.

விட்டத்தில் ஒரு மீட்டர் கூடியதற்கு எடை 73 சதவீதம் கூடிவிட்டது. 1.2ஐ மூன்று முறை பெருக்கினால் 1.728. கண்ணால் விட்டத்தை மதிப்பிடும்போது கொஞ்சம் நழுவினாலும் கன அளவில் அது பெரிதாக வெடிக்கும். ஒரு பையன் பாறையைத் தள்ளுவதுபோல நின்று போட்டோ எடுத்துக்கொண்டே, "மிஸ், 173 டன்னா இருந்தா தள்ளிடுவேன்" என்றான்.

செப்டம்பர் 9

தண்ணி லாரியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்: "படுக்கை வாக்கில் உருளை, குச்சியை விட்டுப் பார்த்தால் கால்வாசி நனைகிறது. கால்வாசி தண்ணீர் இருக்கிறதா?"

இல்லை, 19.6 சதவீதம்தான். 12,000 லிட்டர் லாரியில் 3,000 என்று நினைப்பீர்கள், சுமார் 2,350தான் இருக்கும். பாதி நனைந்தால் பாதி. முக்கால் நனைந்தால் 80.4 சதவீதம். குச்சியில் பத்தில் ஒரு பங்குதான் நனைந்தது என்றால் 5.2 சதவீதம். டேங்க் வட்டமாக இல்லாமல் அமுங்கிய நீள்வட்டமாக இருந்தாலும் இதே விகிதம்தான், அகலத்தை ஒரே சீராக இழுத்தால் பங்கு மாறுவதில்லை. நின்றிருக்கும் உருளையில் மட்டும்தான் குச்சி நேராகப் பேசும்.

அக்டோபர் 18

மழை பிடித்துவிட்டது. 1 மில்லிமீட்டர் மழை 1 சதுர மீட்டரில் விழுந்தால் 1 லிட்டர். 1000 சதுர அடி மாடி என்றால் 93 சதுர மீட்டர். 10 செ.மீ. மழைக்கு 9,300 லிட்டர். சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை என்று வைத்தால் அந்த ஒரு மாடியில் மட்டும் 1.3 லட்சம் லிட்டர் விழுகிறது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழாயில் இப்போது இலையும் மண்ணும் அடைத்துக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. அதைச் சுத்தம் செய்து கிணற்றுக்கோ சம்புக்கோ விடுங்கள்.

அக்டோபர் 19

சாய்வான தகரக் கூரைக்கு எந்தப் பரப்பை எடுப்பது என்று கேட்டிருக்கிறார்கள். 24 அடி அகலம், 20 அடி நீளம், நடுவில் முகடு 5 அடி உயரம் என்று வையுங்கள். பாதி அகலம் 12, உயரம் 5, சாய்வு 13. இரண்டு பக்கமும் சேர்த்து 26 அடி. தகரம் வாங்க 26 × 20 = 520 சதுர அடி, ஓரம் விடுவதற்குத் தனியாக. மழைக் கணக்குக்கு 24 × 20 = 480 சதுர அடி, கூரை எவ்வளவு சாய்ந்தாலும் அதன் கீழே இருக்கும் தரையின் பரப்புதான்.